வாடா நினைவு: டிக்கன்ஸின் கிறிஸ்துமஸ் கதைகள்

விழாக்களைப் பற்றிய இலக்கியம் பெரும்பாலும் வீட்டைப் பற்றிய இலக்கியமாகவே அமைகின்றது. பொங்கலாயினும் தீபாவளியாயினும் கிறிஸ்துமஸாயினும், விழா என்றவுடன் பெற்றோர், உடன்பிறந்தார், அடுப்படி மணம், புத்தாடை ஆகியவை ஒருங்கே நினைவில் எழுகின்றன. பிழைப்பை நாடி ஊரைவிட்டு வந்து வெளிமாநிலங்களில் குடியேறிய நம் போன்றோர்க்கு இந்நினைவு இன்னும் மிகுதி. தொலைவு ஒன்றே பிறந்த வீட்டுக்குப் பொன்முலாம் பூசிவிடுகின்றது. ஆனால் பிறந்த வீடு எல்லார்க்கும் இனியதாக வாய்ப்பதில்லை. கடன், குடி, அடி, புறக்கணிப்பு ஆகியவற்றினூடே வளர்ந்தவர்களும் நம்மிடையே உளர். ஊரார் வீடுகளில் விளக்கெரியும் நாளில் அவர்கள் நெஞ்சில் பழைய புண்ணே முதலில் விழித்துக்கொள்கின்றது. அத்தகையோர்க்கு விழா நாள் என்ன பொருள் தரும்? இவ்வினாவைத் தம் எழுத்து வாழ்வு முழுவதும் சுமந்து திரிந்தவர் ஆங்கில நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸ் (1812–1870).

டிக்கன்ஸைக் குடும்ப மகிழ்ச்சியைப் பாடியவர் என்று போற்றுவது வழக்கம். அவருடைய 'கிறிஸ்துமஸ் கரோல்' என்னும் சிறுநூலைச் சுருக்கப் பதிப்பில் துணைப்பாடமாகப் படித்தவர்கள், மூன்று ஆவிகளால் திருந்திய ஒரு கருமியின் கதை என்று அதனை நினைவுகூர்வர். அவ்வளவில் நின்றுவிட்டால் அக்கதையின் வேர் நம் கண்ணுக்குப் புலனாகாது. அன்பற்ற இளமையைக் கடந்து வந்த ஒருவன் அந்த இளமையின் நினைவை என்ன செய்வது என்பதே அவருடைய கிறிஸ்துமஸ் கதைகளின் உள்ளீடு. இக்கருத்தை மூன்று நூல்களைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

ஆசிரியரின் இளமைத் துயர்

டிக்கன்ஸின் தந்தையார் கடற்படைச் சம்பள அலுவலகத்தில் எழுத்தர். வரவுக்கு மீறிச் செலவு செய்தவர். 1824 பிப்ரவரியில், பன்னிரண்டு வயது நிரம்பிய ஓரிரு நாட்களில், மகன் சார்ல்ஸ் லண்டனில் தேம்ஸ் ஆற்றங்கரையில் எலிகள் மலிந்த ஒரு பழங்கட்டடத்திற்கு வேலைக்கு அனுப்பப்பட்டான். அது பூட்ஸுக்குப் பாலிஷ் செய்யும் வாரன் தொழிற்சாலை. பாலிஷ் ஜாடிகளைக் காகிதத்தால் மூடிக் கட்டிப் பெயர்ச்சீட்டு ஒட்டுவது அவன் பணி. கூலி வாரத்திற்கு 6 ஷில்லிங். அம்மாதமே தந்தையார் கடனுக்காகக் கைதாகி, கடனாளிகளை அடைக்கும் மார்ஷல்ஸீ சிறையில் வைக்கப்பட்டார். பின்னர்த் தாயும் சிறு பிள்ளைகளும் அச்சிறையிலேயே குடியேறினர். சார்ல்ஸ் மட்டும் வெளியே தனித்துத் தங்கினான். மூத்தவள் ஃபேனி அப்போது இசைக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அவள் பரிசு பெற்ற நாளில், தன் கல்வி பறிபோனதை எண்ணித் தம்பி கண்ணீர் வடித்தான்.

தந்தையார் சுமார் மூன்று மாதத்தில் விடுதலையானார். மகனுக்கோ உடனே விடுதலை கிட்டவில்லை. பிற்பாடு தந்தையாரே அவனை வேலையிலிருந்து நிறுத்தியபோது, திரும்பவும் அனுப்பவேண்டும் என்று முயன்றவர் தாயார். வறுமையை மன்னித்த டிக்கன்ஸ், தாயின் அந்த விருப்பத்தைத் தம்மால் மறக்கவே இயலாது என்று எழுதிவைத்தார். அக்குறிப்பை நண்பர் ஜான் ஃபார்ஸ்டரிடம் ஒப்படைத்தார். ஃபார்ஸ்டர் எழுதிய வரலாற்று நூலின் வழியே, ஆசிரியர் மறைந்த பின்னரே உலகம் அதனை அறிந்தது. வாழ்நாளெல்லாம் வாய்திறந்து கூறாத இச்செய்தி கதைகளில் மாறுவேடம் பூண்டு வந்துகொண்டே இருந்தது.

தனித்திருந்த சிறுவன்

'கிறிஸ்துமஸ் கரோல்' 1843 டிசம்பர் 19-ஆம் நாள் வெளிவந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்திய நாளுக்குள் 6,000 படிகள் விற்றுத் தீர்ந்தன. கதைத் தலைவன் ஸ்க்ரூஜை அச்சுறுத்துவது மூன்றாம் ஆவி. அவனை உண்மையில் மாற்றத் தொடங்குவது முதல் ஆவி என்பது நம் துணிபு.

முதல் ஆவி அவனை அவன் படித்த பள்ளிக்கு அழைத்துச் செல்கின்றது. விடுமுறைக்கு எல்லாச் சிறுவரும் ஆரவாரத்தோடு வீடு திரும்புகின்றனர். அழைக்க ஆளில்லாத ஒரு சிறுவன் மட்டும் குளிர்ந்த வகுப்பறையில் தணிந்தெரியும் நெருப்பருகே படித்துக்கொண்டிருக்கின்றான். அலி பாபாவும் ராபின்சன் குரூசோவின் கிளியும் தவிர அவனுக்கு உறவில்லை. அச்சிறுவன் தானே என்று கண்ட கிழவன் ஸ்க்ரூஜ் அழுகின்றான். கதையில் அவன் சிந்தும் முதற் கண்ணீர் பிறர்பொருட்டு வந்ததன்று; கைவிடப்பட்ட தன் பிள்ளைப் பருவத்திற்காக வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்ட மறுகணமே, முன்னாள் இரவு தன் வாயிலில் பாடிய ஓர் ஏழைச் சிறுவனுக்கு ஏதேனும் கொடுத்திருக்கலாமே என்று ஏங்குகின்றான். இவ்விரண்டு செயல்களும் அடுத்தடுத்து அமைந்திருப்பதைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். தன் துயரை உணர்ந்தவனுக்கே பிறர் துயர் புலனாகின்றது என்னும் உண்மையை, அறிவுரை ஒன்றும் கூறாமல், காட்சியின் வரிசையாலேயே ஆசிரியர் நிறுவிவிடுகின்றார்.

பிறிதொரு கிறிஸ்துமஸில் தங்கை ஃபேன் ஓடிவந்து அண்ணனை வீட்டுக்கு அழைக்கின்றாள். தந்தை முன்போல் இல்லை, இப்போது கனிவாக இருக்கின்றார் என்கின்றாள். அஞ்சாமல் மீண்டும் கேட்டுப் பார்த்ததாகவும் கூறுகின்றாள். அந்த 'முன்பு' எத்தகையது என்று ஆசிரியர் ஒரு சொல்லும் விரித்துரைக்கவில்லை. கேட்கவே அஞ்சவேண்டிய தந்தை என்ற அளவில் நாம் அனைத்தையும் உணர்ந்துகொள்கின்றோம். தமக்கை ஃபேனியின் பெயர்ச்சாயல் தங்கை ஃபேனிடம் இருப்பதும் எண்ணத்தக்கது. இசைக் கல்லூரியில் பரிசு பெற்றவளைக் கதையில் மீட்க வருபவளாக ஆக்கி, ஆசிரியர் தம் பழைய மனத்தாங்கலைத் தீர்த்துக்கொண்டார் போலும்.

ஸ்க்ரூஜின் பொருளாசைக்கும் இவ்விளமையே காரணம். அவனை மணக்க இருந்த பெண் பிரிந்து செல்லும்போது, அவன் உலகத்தைக் கண்டு மிகவும் அஞ்சுவதாகக் கூறுகின்றாள். அவள் கண்டது பேராசையின் அடியிலிருந்த அச்சம். பணத்தை அவன் மதிலாக எழுப்பினான். மதில் உயர உயர உள்ளே இருந்த சிறுவனும் சிறைப்பட்டான். இறுதியில் அவன் சென்று சேர்வது இறந்துபோன தங்கையின் மகன் வீட்டு விருந்துக்கு. ஊனமுற்ற சிறுவன் டிமுக்கு இரண்டாம் தந்தையாகவும் ஆகின்றான். பெற்ற தந்தையிடம் கிடைக்காததைப் பிறர் பிள்ளைக்குத் தான் தந்து நிறைவெய்துகின்றான். ஓரிரவில் ஒருவன் முற்றும் மாறுவது நடக்கக் கூடியதா என்று குறை கூறுவோர் உண்டு. அவன் புதிதாக ஒன்றும் கற்கவில்லை, மறந்ததை நினைத்தான் என்று கொண்டால் அக்குறை பெரிதும் நீங்கும்.

நினைவை இழந்தவன்

1848 செப்டம்பரில் ஃபேனி காலமானார். அவ்வாண்டு டிசம்பரில் டிக்கன்ஸின் இறுதிக் கிறிஸ்துமஸ் நூலாகிய 'தி ஹாண்டட் மேன்' வெளிவந்தது. கதைக் கட்டமைப்பில் இது கரோலுக்கு ஈடாகாது. பின்னல் மிகுதி, நடையும் இருண்டது. எனினும் நம் வினாவுக்கு நேரான விடை இதிலேயே உள்ளது.

ரெட்லா என்பவன் வேதியியல் ஆசிரியன். அன்பற்ற வீட்டில் வளர்ந்து, நண்பனால் வஞ்சிக்கப்பட்டு, தங்கையையும் இழந்தவன். கிறிஸ்துமஸ் முன்னிரவில் அவனுடைய உருவத்தையே கொண்ட ஆவி ஒன்று தோன்றி, துயரமும் தீங்கும் பற்றிய நினைவுகளை அடியோடு அகற்றிவிடுவதாகக் கூறுகின்றது. அவன் இசைகின்றான். அவனைச் சந்திப்போர்க்கும் அந்த 'வரம்' தொற்றிக்கொள்கின்றது. விளைவு யாது? பல பிள்ளைகளோடு வறுமையிலும் கலகலப்பாக வாழ்ந்த ஒரு குடும்பத்தில் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் வெறுக்கின்றனர். நோயுற்ற மாணவன் தனக்குப் பணிவிடை செய்தவளின் நன்றியை மறக்கின்றான். துயர் நினைவு அகன்றபோது, அத்துயரினூடே முளைத்த பரிவும் வேரோடு அகன்றுவிடுகின்றது.

இக்கதையின் நெஞ்சைச் சுடும் பகுதி, தெருவில் திரியும் ஒரு பெயரற்ற சிறுவன். ரெட்லாவின் வரம் அவனை மட்டும் ஒன்றும் செய்வதில்லை. ஏனெனில் அன்பையோ, அன்பை இழந்த துயரையோ அவன் ஒருநாளும் அறிந்ததில்லை. அழிப்பதற்கு அவனிடம் நினைவே இல்லை. கற்றறிந்த ரெட்லாவும் அச்சிறுவனும் ஒரே நிலைக்கு வந்து நிற்கும் காட்சி, டிக்கன்ஸ் எழுதிய சமூகக் குற்றச்சாட்டுகளுள் கடுமையானது. இதற்கு மாற்றாக மில்லி என்னும் பெண்ணைப் படைக்கின்றார். மூச்சுவிடாமலே பிறந்த தன் குழந்தையின் நினைவே பிற குழந்தைகளிடம் தன்னை அன்புடையவளாக்குகின்றது என்கின்றாள் அவள். நூல் கிறிஸ்துமஸ் விருந்தோடும், நினைவு வாடாதிருக்க அருளவேண்டும் என்னும் வேண்டுதலோடும் முடிவடைகின்றது.

இவ்விடத்தில் நம் மணிமேகலைக் காப்பியத்தின் ஆபுத்திரன் நினைவுக்கு வருகின்றான். பெற்ற தாய் சாலியால் தோட்டத்தில் விடப்பட்டவன். ஏழு நாள் பசுவின் பாலால் பிழைத்தவன். வேள்விப் பசுவை விடுவித்த குற்றத்திற்காக வளர்த்த தந்தையாலும் துரத்தப்பட்டவன். மதுரையில் பிச்சையேற்ற உணவைப் பார்வையற்றோர்க்கும் செவிகேளாதோர்க்கும் கால் முடப்பட்டோர்க்கும் இட்டு, எஞ்சியதை உண்டு, ஓட்டையே தலையணையாக்கி உறங்கினான். அமுதசுரபி அவன் கையில் வந்து சேர்ந்தது தற்செயலன்று. மறுபிறப்பில் சாவக மன்னன் புண்ணியராசனாகிய அவனுக்கும் மணிபல்லவத்தில் முற்பிறப்பின் நினைவு மீட்டுத் தரப்படுகின்றது. தன் பழைய எலும்புகளைத் தானே காண்கின்றான். காலத்தாலும் சமயத்தாலும் மிகத் தொலைவில் நின்ற இரு புலவர்கள், கைவிடப்பட்ட பிள்ளையின் நினைவிலிருந்தே அறம் பிறப்பதாகக் கண்டிருப்பது வியப்பிற்குரியது.

பந்தியின் ஓரத்தில்

மூன்றாவது நூல் 1860–61-இல் தொடராக வந்த 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவல். பெற்றோரை இழந்த பிப் என்னும் சிறுவனை அவன் அக்காள் அடித்து வளர்க்கின்றாள். கதை கிறிஸ்துமஸுக்கு முந்திய நாளில் தொடங்குகின்றது. மறுநாள் விருந்தில் அவன் மேசையின் மூலையில் நெருக்குண்டு அமர்ந்திருக்கின்றான். பெரியவர்கள் ஒவ்வொருவரும் அவன் நன்றிகெட்டவன் என்பதையே பாட்டாக இழுக்கின்றனர். அவன் பன்றிக்குட்டியாகப் பிறந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்றும் விளக்குகின்றனர். விழா விருந்தே ஒரு பிள்ளைக்கு விசாரணை மன்றமாகிவிடும் கொடுமையை இதனினும் நகைச்சுவையாகவும் இதனினும் துயரமாகவும் கூறல் அரிது.

அங்கே அவனுக்கு ஒரே துணை, அக்காள் கணவனாகிய கொல்லன் ஜோ. நம் வழக்கில் அத்தான். வாய்திறந்து மனைவியை எதிர்க்க மாட்டாத ஜோ, ஒவ்வொரு வசைக்கும் ஈடாகப் பிப்பின் தட்டில் இறைச்சிக் குழம்பை ஊற்றிக்கொண்டே இருக்கின்றான். ஜோவின் தந்தையும் குடித்துவிட்டுத் தாயையும் அவனையும் அடித்தவன். அதனால் பள்ளிப்படிப்பும் கெட்டது. தன் தாய் பட்ட பாட்டைக் கண்டதனால், ஒரு பெண்ணுக்குத் தீங்கிழைப்பதைவிடத் தான் அடங்கிப்போவதே மேல் என்று முடிவு செய்ததாகப் பிப்பிடம் கூறுகின்றான். ஆதரவற்ற பிப்புக்கு உலைக்களத்தில் இடமுண்டு என்று அழைத்தவனும் அவனே. ஆயினும் டிக்கன்ஸ் இங்கே கண்மூடிப் புகழவில்லை. ஜோவின் மென்மை அவனை அடியிலிருந்து காத்தது. சிறுவனைக் காக்கப் போதவில்லை. குழம்பு ஆறுதலாகுமேயன்றிக் கேடயமாகாது. கரோலில் காணாத இந்நேர்மை, ஆசிரியரின் முதிர்ச்சியைக் காட்டுகின்றது.

எழுத்தும் வாழ்வும்

இவ்வளவு உணர்ந்தவர் தம் இல்லத்தில் எவ்வாறு வாழ்ந்தார் என்பதையும் கூறாமல் விடுதல் திறனாய்வு நேர்மையாகாது. பத்து மக்களைப் பெற்ற மனைவி கேதரினை அவர் 1858-இல் பிரிந்தார். அப்பிரிவைப் பற்றித் தம் இதழிலேயே அறிக்கையும் வெளியிட்டார். மூத்த மகன் தாயுடன் சென்றான். ஏனைய பிள்ளைகள் தந்தையிடம் தங்கினர். காயம்பட்டவன் பிறரைக் காயப்படுத்த மாட்டான் என்பதற்கு உறுதியில்லை. நினைவு தானாக அறமாகிவிடுவதில்லை. அதனை அறமாக்கும் முயற்சி ஆண்டுதோறும் புதிதாகச் செய்யப்படவேண்டும். டிக்கன்ஸ் கதைகளில் செய்ததை வீட்டில் எப்போதும் செய்யவில்லை. இதனால் கதைகள் பொய்யாகிவிடவில்லை. அவை எத்துணைக் கடினமான ஒன்றைக் கேட்கின்றன என்பதே தெளிவாகின்றது.

1869 கிறிஸ்துமஸ், கென்ட் மாவட்டத்தில் அவரது காட்ஸ் ஹில் இல்லத்தில் நடந்தது. குடும்பத்தார் நினைவு விளையாட்டு ஒன்று ஆடினர். ஒவ்வொருவரும் முன்னவர் கூறிய சொற்களையெல்லாம் வரிசை பிறழாது கூறித் தம் சொல் ஒன்றையும் சேர்க்கவேண்டும். தம் முறை வந்தபோது டிக்கன்ஸ் சேர்த்தது, வாரன் பாலிஷ் கம்பெனியின் பெயரும் ஸ்ட்ராண்ட் தெரு முகவரியும். அவருடைய கண்ணிலும் குரலிலும் ஏதோ ஒரு மாறுதல் தெரிந்ததாக மகன் ஹென்றி பிற்காலத்தில் எழுதினார். அச்சொல்லின் பொருள் அங்கிருந்த பிள்ளைகள் ஒருவர்க்கும் விளங்கவில்லை. அடுத்த ஜூன் 9-ஆம் நாள் அவர் மறைந்தார்.

நாற்பத்தைந்து ஆண்டுகள் பொதிந்து வைத்த சொல்லை, விழா நாளில், தம் மக்கள் நடுவே, விளையாட்டின் போர்வையிலேனும் வெளியிட அவருக்கு மனம் வந்தது. இனிய இளமை வாய்க்காதவர்க்கும் கிறிஸ்துமஸ் உரியதே. அவர்கள் அந்நாளில் மகிழ்ச்சியை நடிக்க வேண்டுவதில்லை. அழைப்பாரின்றி வகுப்பறையில் அமர்ந்திருந்த அச்சிறுவனை மறவாதிருந்து, இன்று தம் வாயிலில் வந்து நிற்கும் பிள்ளைக்குக் கதவைத் திறந்துவிட்டால் போதும் என்பதே இக்கதைகள் நமக்கு விட்டுச்சென்ற செல்வம்.