பழைய டீசல் காருக்கு முதல் செலவு எது?

சிங்கப்பூரில் குவீன்ஸ்டவுனை ஒட்டிய லெங் கீ சாலையில் புதுக் கார்கள் கண்ணாடிக்குப் பின்னால் மின்னுகின்றன. இரண்டாம் கை டீசல் கார் வாங்கியவருக்கோ கார்ப் பிரியர்கள் தரும் முதல் யோசனை ஒன்றுதான்: ரீமேப் பண்ணுங்கள்.

யோசனை வெறும் பேச்சல்ல. டர்போ டீசல் எஞ்சினில் காற்றழுத்தத்தையும் எரிபொருள் அளவையும் தீர்மானிப்பது ஈசியூ என்ற கணினி. அதன் மென்பொருளை மாற்றுவதுதான் ரீமேப். அதைச் செய்தாலே 20 முதல் 30 விழுக்காடு வரை கூடுதல் திறன் கிடைக்கும்; டர்போ இல்லாத பெட்ரோல் காரில் அது கனவு. ஏறிய இழுவை குறைந்த சுழற்சியிலேயே வருவதால் சிக்னலில் கிளம்பும்போதே காலுக்குத் தெரியும். செலவுக்குக் கிடைக்கும் பலனில் இதற்கு இணையான வேறு மாற்றம் இல்லை.

எஞ்சின் ஆயுள் குறையும் என்பதே இதற்கு எதிரான வழக்கமான வாதம். சென்னையில் அது எடுபடும். சிங்கப்பூரில் காரின் ஆயுளை முடிப்பது பெரும்பாலும் எஞ்சின் அல்ல, பத்தாண்டு வாகன உரிமைச் சான்றிதழ். ஈராண்டு மட்டும் மிச்சமுள்ள காரில் டர்போ பத்தாண்டு தாங்குமா என்று கவலைப்படுவது வீண். சான்றிதழைப் புதுப்பித்தவர் கதை வேறு. அவருடைய சாலை வரியில் 10 விழுக்காட்டில் தொடங்கி 50 விழுக்காடு வரை கூடுதல் கட்டணம் ஏறும். பரிசோதனையும் ஆண்டுதோறும் வரும். அவருக்குத் தேய்மானம் சொந்தக் கடன்.

உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. எட்டு வயது டீசல் கார் பிறந்தபோது இருந்த திறனோடு இருப்பதில்லை. ஈஜிஆர் வால்வு வழியே திரும்பி வரும் புகை, எண்ணெய் ஆவியோடு சேர்ந்து இன்டேக் பாதையில் கரியாய் அப்புகிறது. இன்டர்கூலர் குழாய் வெடித்துக் காற்று கசிகிறது. நீண்ட, சூடான ஓட்டம் கிடைக்காத குறுகிய நகரப் பயணங்களில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி, அந்தக் கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்ய முடியாமல் அடைத்துக்கொள்கிறது. இந்த நிலையில் ரீமேப் செய்வது, இளைத்தவனை ஓடு என்று விரட்டுவதுதான். கேட்ட அழுத்தத்தை எட்ட, கசியும் குழாயை ஈடுகட்ட, டர்போ இன்னும் வேகமாகச் சுழலும், கரியும் கூடும்.

அடைத்த டிபிஎஃப்பைக் கழற்றி எறியச் சொல்பவர்களும் உண்டு. அது மேம்பாடு அல்ல, அடுத்தவர் மூச்சில் கை வைப்பது. மென்பொருளை மாற்றினால் புகை மாறாது என்பதையும் நம்பாதீர்கள். 2015இல் அம்பலமான ஃபோக்ஸ்வேகனின் டீசல் புகை மோசடியே மென்பொருளில்தான் நடந்தது.

நியாயக் கேள்வியும் ஒன்று உண்டு. 2014 முதல் வாகன உரிமைச் சான்றிதழில் சிறிய கார்களுக்கான ஏ பிரிவுக்கு 1,600 சிசியோடு 97 கிலோவாட் என்ற உச்சவரம்பும் சேர்ந்தது. பிஎம்டபிள்யூ 216டியின் 1.5 லிட்டர் டீசல் எஞ்சின் 85 கிலோவாட், அதற்குள் அடங்குகிறது. 25 விழுக்காடு ஏற்றினால் 106. சலுகைப் பிரிவில் வாங்கி, பெரிய கார் பிரிவின் திறனில் ஓட்டுவதை வெறும் பொழுதுபோக்கு என்று சொல்லிவிட முடியுமா?

அந்தத் திறனைச் செலவழிக்க இடமும் குறைவு. ஆயர் ராஜா விரைவுச்சாலை உட்பட இத்தீவின் எந்தச் சாலையிலும் சட்டப்படி மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்ட முடியாது. 2025 முதல் புதிய டீசல் கார்ப் பதிவும் நின்றுவிட்டதால், விற்பனைக்கு வருபவை இனி வயதானவையாகவே இருக்கும். என் கணக்கில் முதல் பணம் இன்டேக் சுத்தம், குழாய்கள், டிபிஎஃப் வடிகட்டி ஆகியவற்றுக்கே போக வேண்டும். அதற்குப் பிறகு ஓட்டிப் பார்த்தும் போதவில்லை என்பவர் ரீமேப்பைப் பற்றி யோசிக்கட்டும்.