யூனுஸின் நூலில் காணாமற்போன அரசு

முகமட் யூனுஸ் அலன் ஜோலிஸுடன் சேர்ந்து எழுதிய 'பாங்கர் டு த புவர்' நூல், ஊருக்கு உதவுவது பற்றிய எமது கூட்டங்களில் வேதம்போல எடுத்தாளப்படுகிறது. அதன் மையக் கதை ஜோப்ரா கிராமத்து சுஃபியா பேகத்தினுடையது. மூங்கில் வாங்க ஐந்து டாக்கா கடன். பின்னிய முக்காலியைக் கடன் தந்த வியாபாரிக்கே விற்றாக வேண்டும். மிச்சம் 50 பைசா. 1976இல் இப்படியான 42 பேரின் கடனை அடைக்க யூனுஸுக்குத் தேவைப்பட்டது 27 டொலர்.

இந்தக் கதையோடு எனக்குப் பிணக்கில்லை. அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவோடுதான். சுஃபியாவைக் கட்டிப்போட்டது கடன் இல்லாமையா, விரும்பியவருக்கு விற்க முடியாமையா? நூல் முதலாவதையே பிடித்துக்கொள்கிறது. பிறகு நீதி, பாதுகாப்பு, வெளியுறவு போன்ற சிலவற்றைத் தவிர மற்றெல்லாவற்றிலிருந்தும் அரசு விலகலாம், சமூக நோக்குள்ள தனியார்துறை பார்த்துக்கொள்ளும் என்கிறது. இதைச் சொல்பவர், மத்திய வங்கியின் ஆதரவுடன் 1979இல் தங்கைல் மாவட்டத்துக்குத் தன் திட்டத்தைக் கொண்டுசென்றவர். 1983இல் கிராமின் வங்கியை நிறுவியது அரசின் கட்டளைச் சட்டம். தொடக்கப் பங்கில் 60 வீதம் அரசினுடையது. ஏறிய ஏணியை எட்டி உதைப்பது என்பது இதுதான்.

அரசு ஒதுங்கி நின்றால் என்ன நடக்கும் என்பதை 2009க்குப் பின்னர் வன்னி கண்டது. வந்தது யூனுஸின் வங்கியல்ல, நிதிக் கொம்பனிகள். (இலாபத்துக்கான நுண்கடனை அவரே கண்டித்தவர், அதைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல.) பெண்களைக் குழுவாகச் சேர்ப்பதும் கிழமைத் தவணையும் மட்டும் அவருடைய பாணியில் இருந்தன. கோழி வளர்க்கக் கடன் கிடைத்தது. முட்டையை யார், என்ன விலைக்கு வாங்குவார் என்பது கடன் கொடுத்தவரின் கவலையல்ல. நுண்நிதிச் சட்டம் 2016இல்தான் வந்தது. 2018இல் வரட்சி மாவட்டப் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தது. நகையும் காணியும் ஈட்டுக்குப் போன பிறகு வந்த அறிவிப்பு அது.

வேறு வழி இருந்ததா என்று கேட்பவர்கள் தூரப்போக வேண்டியதில்லை. 1970களில் யாழ்ப்பாணத்துச் சீவற்தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களானபோது, கள்ளை எடுத்து விற்கும் பொறுப்பே சங்கத்துக்கு வந்தது. தவறணைக் குத்தகைக்காரரின் பிடி தளர்ந்தது அதனால்தான். சாதியையும் சந்தையையும் ஒருசேரத் தொட்ட அந்த ஏற்பாட்டைப் பற்றி எமது கூட்டங்களில் எவரும் பேசி நான் கேட்டதில்லை.