குழந்தை கேட்ட வார்த்தை

ஸில்வியா ஆஷ்டன் வார்னர் என்கிற நியூஸிலாந்து எழுத்தாளர் 'ஸ்பின்ஸ்டர்' (1958) என்கிற நாவலால் பெயர் பெற்றவர். 1963ல் வெளிவந்த அவருடைய 'டீச்சர்' நாவல் அல்ல, பள்ளிக்கூட அனுபவம். ஆனால் பல நாவல்களைவிட அதில் மனிதர்கள் அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிகளின் குழந்தைகளுக்கு ஆங்கிலம் வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். அப்போது பள்ளிகளில் 'ஜேனட் அண்ட் ஜான்' என்று ஒரு பாட வரிசை இருந்தது. அதில் வரும் குழந்தைகள் சமர்த்தான வெள்ளைக்காரக் குழந்தைகள். சண்டை போட மாட்டார்கள், பயப்பட மாட்டார்கள். மாவோரிக் குழந்தைக்கு அந்த வீட்டில் உட்கார இடமில்லை.

ஆசிரியை புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ஒவ்வொரு குழந்தையிடமும் அதற்கு என்ன வார்த்தை வேண்டும் என்று கேட்டார். கேட்ட வார்த்தையை ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்தார். மறுநாள் குழந்தைக்கு அடையாளம் தெரியாத அட்டை குப்பைக்குப் போய்விடும். ராங்கி என்று ஒரு பையன். 'வா', 'பார்' போன்ற பாடப் புத்தகச் சொற்களைக் கற்க அவனுக்கு நாலு மாதம் பிடித்தது. கசாப்புக் கத்தி, ஜெயில், போலீஸ், முத்தம், அப்பா, அம்மா, சண்டை ஆகியவற்றுக்கான ஆங்கில வார்த்தைகளை நாலே நிமிஷத்தில் பிடித்துக்கொண்டான்.

பிறர் பண்பாட்டை மதிப்பது என்றால் அதைப் பற்றி நாலு விஷயம் தெரிந்து வைத்துக்கொள்வது என்று நாம் எண்ணுகிறோம். அது போதாது. எதிரே இருக்கிறவனைக் கேட்க வேண்டும்; கேட்டபின் அவன் சொல்வதைத் தாங்கிக்கொள்ளவும் வேண்டும். கத்தி என்று ஒரு குழந்தை சொன்னால் முகம் சுளிக்காமல் எழுதித் தருவதற்குத் தைரியம் வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. மாவோரிக் குழந்தை என்றாலே உணர்ச்சிக் கொந்தளிப்பு என்று ஒரு சூத்திரம் நூலில் அங்கங்கே தலைகாட்டுகிறது. கேட்டுத் தெரிந்துகொண்ட இடங்களில் அவர் கலைஞர். கேளாமலே முடிவு கட்டும் இடங்களில் அவரும் ஒரு பாடப் புத்தகம்தான்.

இன்னொன்றும் உண்டு. வார்த்தை குழந்தையுடையது, மொழி ஆங்கிலம். மாவோரிப் பெரியவர்கள் தங்கள் மொழியிலேயே பேசிக் குழந்தைகளை வளர்க்க, 'மொழிக்கூடு' என்று பெயரிட்ட பள்ளிகளைத் தொடங்கியது 1982ல்தான். 1987ல் அந்த மொழி நாட்டின் ஆட்சி மொழிகளில் ஒன்றாயிற்று.

எனினும், கேட்க ஆரம்பித்தவர் என்கிற பெருமை ஆஷ்டன் வார்னருக்கு உண்டு. மொழி கற்பிக்கிறவர்கள் மட்டுமல்ல, கதை எழுதுகிறவர்களும் இந்நூலைப் படிக்க வேண்டும். நம் பாத்திரங்களிடம் நாம் எத்தனை தரம் கேட்டிருக்கிறோம்?