மரப்பெட்டியும் யாப்பும்: பெருவடிவ ஒளிப்படக் கருவியின் நீடித்த ஈர்ப்பு

ஒரு கருவி பொதுப் பயன்பாட்டிலிருந்து நீங்கிய பின்னரும் விருப்பத்திலிருந்து நீங்காமல் இருப்பது எண்ணிப் பார்க்கத் தக்கது. மரச்சட்டம், துருத்தி, பித்தளைத் திருகு, முக்காலி, தலையை மூடும் கருந்துணி ஆகியவற்றைக் கொண்ட பெருவடிவ ஒளிப்படக் கருவி அத்தகையது. கைக்கடக்கமான கருவிகளும் பின்னர் மின்னிலக்கக் கருவிகளும் அதனை அன்றாடத் தொழிலிலிருந்து விலக்கின. எனினும் சிகாகோ நகரின் டியர்டார்ஃப் நிறுவனம் 1923ஆம் ஆண்டு முதல் மகாகனி மரத்தில் செய்த கருவிகளைச் செப்பனிட்டுப் பயன்படுத்துவோர் இன்றும் உளர். இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் 2014ஆம் ஆண்டு தோன்றிய இன்ட்ரெபிட் நிறுவனம், ஒட்டுப்பலகையில் இவ்வகைக் கருவிகளைப் புதிதாகவே செய்யத் தொடங்கியது. இவ்வீர்ப்பின் அடிப்படை யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பழமை மீதான ஏக்கம் என்னும் வழக்கமான விடை போதாது என்பதும், யாப்பு குறித்து நம் மரபு வளர்த்துள்ள சிந்தனை இங்குத் துணைபுரியும் என்பதும் எமது கருத்து.

முதலில் கருவியின் இயல்பை நோக்குவோம். முன்பலகையில் வில்லை, பின்பலகையில் மங்கல் கண்ணாடி, இரண்டையும் இணைப்பது துருத்தி. கருந்துணிக்குள் தலையை நுழைத்துப் பார்ப்பவருக்குக் காட்சி தலைகீழாகவும் இடவலம் மாறியும் தெரியும். பழகிய தெருவும் பழகிய முகமும் தம் பெயரை இழந்து, கோடும் நிழலும் ஒளியுமாக நிற்கும். முன்பலகையை உயர்த்தலாம், சாய்க்கலாம், திருப்பலாம். உயர்ந்த கோபுரத்தைச் சாதாரணக் கருவியை அண்ணாந்து பிடித்து எடுத்தால், அது பின்னோக்கிச் சாய்வதுபோல் தோன்றும். இக்கருவியில் வில்லையை மட்டும் உயர்த்தினால் கோபுரம் நிமிர்ந்தே நிற்கும். மேலும் 8க்கு 10 அங்குலப் படத்தாளின் பரப்பு, 35 மில்லிமீட்டர் சுருளில் பதியும் ஒரு படத்தின் பரப்பைப்போல் ஏறத்தாழ 60 மடங்கு. இமை மயிரும் துணியின் இழையும் அதில் தெளிவாகப் பதிகின்றன.

இவை உண்மையான சிறப்புகளே. ஆயினும் சாயும் கோபுரத்தை இன்று கணினி மென்பொருள் நிமிர்த்திவிடும். பல படங்களை இணைத்து நுண்மையையும் பெறலாம். ஆகவே ஈர்ப்பின் முழு விளக்கம் இச்சிறப்புகளில் இல்லை. அதனைக் கருவியின் குறைகளில்தான் தேட வேண்டும். இதனை விளக்க இரு சான்றுகளை எடுத்துக்கொள்கிறோம்.

முதற்சான்று தமிழகத்தைச் சார்ந்தது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக 1856ஆம் ஆண்டு அமர்த்தப்பெற்ற லின்னேயஸ் டிரைப் என்னும் படை அதிகாரி, 1858ஆம் ஆண்டில் மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களைப் படமெடுத்தார். படத்தைப் பெரிதாக்கி அச்சிடும் வசதி நடைமுறையில் இல்லாத காலம் அது. பெரிய படம் வேண்டுமெனில் பெரிய பெட்டி வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை அவர் பகுதி பகுதியாக எடுத்து, 21 அச்சுப்படிகளை ஒட்டிச் சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். ஹுல்ட்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதி 1891ஆம் ஆண்டில்தான் வெளிவரத் தொடங்கியது. அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே அவ்வெழுத்துகள் ஒளிப்படமாகிவிட்டன. 1859ஆம் ஆண்டு ஆளுநராக வந்த சார்ல்ஸ் டிரெவெலியன் இப்பணியை ஆடம்பரச் செலவெனக் கருதி நிறுத்தினார்.

டிரைப்புக்குப் பெருவடிவம் ஒரு கட்டாயம். அவர் அதனைத் தெரிவு செய்யவில்லை; அவருக்கு வேறு வழியில்லை. எனவே அவர் படங்களின் நிதானத்தைக் கண்டு அவருடைய பொறுமையை மட்டும் புகழ்வது பிழையாகும். கட்டாயத்தின் விளைவு எது, கலைஞனின் தேர்வு எது என்று பிரித்தறிவது திறனாய்வின் கடமை. நீண்ட ஒளிபுகு நேரத்தில் அசைந்தவை பதிவதில்லை, கல் பதிந்தது. மனிதர் அரிதாகத் தோன்றும் அப்படங்களைக் கொண்டு அக்கால ஊர் வெறிச்சோடிக் கிடந்தது என்று ஒரு மாணவர் முடிவு செய்வாராயின், அவர் ஊரையன்றிக் கருவியையே படிக்கிறார். பழைய படங்களைப் பாடத்துணையாகக் கையாளும் ஆசிரியர்கள் இதனை நினைவிற் கொள்ளல் நன்று.

இரண்டாம் சான்று அமெரிக்காவைச் சார்ந்தது. நியூயார்க்கின் புகழ்பெற்ற ஆடையலங்கார ஒளிப்படக்காரரான ரிச்சர்ட் அவெடன், டெக்சாசு மாநிலத்து ஏமன் கார்ட்டர் அருங்காட்சியகத்தின் வேண்டுகோளுக்கிணங்க 1979 முதல் 1984 வரை மேற்கு மாநிலங்களில் பயணம் செய்து, சுரங்கத் தொழிலாளர், எண்ணெய்க் கிணற்றுப் பணியாளர், நாடோடிகள் எனச் சுமார் 750 பேரைப் படமெடுத்தார். 'அமெரிக்க மேற்கில்' என்னும் பொருள்படும் தலைப்பில் அப்படங்களின் தொகுப்பு 1985ஆம் ஆண்டு வெளிவந்தது. விரைவான கருவிகள் அனைத்தும் கைக்கெட்டிய அக்காலத்தில் அவர் தெரிவு செய்தது 8க்கு 10 அங்குல டியர்டார்ஃப் மரக்கருவி.

இங்குதான் குறையொன்று பயனாகிறது. படத்தாளைச் செருகியதும் மங்கல் கண்ணாடி மறைந்துவிடும்; படம் பதியும் கணத்தில் எடுப்பவர் கருவியின்வழி எதனையும் காண இயலாது. ஆகவே அவெடன் கருவிக்குப் பின்னால் ஒளியாமல், அதன் அருகில் நின்று எதிரிலிருப்பவரை நேருக்கு நேர் நோக்கினார். எதிரிலிருப்பவரும் பெட்டியொன்றை மட்டுமன்றித் தம்மைப் பார்க்கும் ஒரு மனிதரையும் கண்டார். கருவியின் குருட்டுத்தன்மை இருவருக்கிடையே ஒரு பார்வையை உண்டாக்கியது. அதன் பருமனும் அமைதியும் ஒவ்வொரு படத்திற்கும் ஆகும் நேரமும் எதிரிலிருப்பவர் தம்மை ஆயத்தப்படுத்திக்கொள்ள இடமளித்தன. திருட்டுத்தனமாக எடுக்கப்பட்ட படம் இதனில் அமைவது அரிது.

இந்நிலையை வெண்பாவோடு ஒப்பிடலாம். வெண்டளை பிறழாமை, ஈற்றடியின் முச்சீர் ஆகிய வரையறைகள் புலவனைக் கட்டுகின்றன. ஆனால் அக்கட்டே அவன் முதலில் நினைத்திராத சொல்லைத் தேட வைக்கிறது. யாப்பின்றி எழுத வழியில்லாத காலத்தில் வெண்பா எழுதியவனுக்கும், புதுக்கவிதை வந்தபின் வெண்பாவைத் தெரிந்தெடுத்தவனுக்கும் வேறுபாடு உண்டு. டிரைப்புக்கும் அவெடனுக்கும் உள்ள வேறுபாடும் அதுவே. கட்டாயமாக இருந்தது விரும்பி ஏற்ற ஒழுங்காக மாறும்போதுதான் பழங்கருவி புதிய ஈர்ப்பைப் பெறுகிறது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. தளை தட்டாத வெண்பாக்கள் அனைத்தும் கவிதையாவதில்லை. மரப்பெட்டியில் எடுத்த படங்கள் அனைத்தும் நேர்மையாவதில்லை. அவெடன் தம் மாந்தரை வெள்ளைத்தாளின் முன் நிறுத்தி, அவர்தம் வீட்டையும் நிலத்தையும் தொழிற்களத்தையும் நீக்கிவிட்டார். பல்லாயிரம் படத்தாள்களிலிருந்து எவை காட்சிக்கு வரவேண்டுமெனத் தீர்மானித்தவரும் அவரே. மேற்கை அவர் இருண்ட முகமாக்கிவிட்டார் என்று கண்டித்தோர் உளர். தாம் காட்டுவது தம் கற்பனையில் அமைந்த மேற்கே என்று அவரும் ஒப்புக்கொண்டுள்ளார். எமது நோக்கில், அந்த ஒப்புதல் குற்றச்சாட்டை முற்றும் நீக்கவில்லை. படமெடுக்கும்போது எதிரிலிருந்தவருக்குக் கருவி அளித்த மதிப்பு, தேர்ந்தெடுக்கும் மேசையில் அவருக்குக் கிட்டவில்லை. மெதுவான கருவி பார்வையை நெறிப்படுத்தலாம், அதிகாரத்தைப் பகிர்ந்தளிக்காது.

எனவே மரக்கருவியின் நீடித்த ஈர்ப்பு மரத்தின் அழகிலோ பழமையிலோ மட்டும் அடங்குவதன்று. விரும்பி ஏற்ற எல்லைக்குள் நின்று பார்க்கும் ஒழுங்கே அதன் உயிர். அவ்வொழுங்கு எதனைப் பார்க்கச் செய்தது, எதனை மறைத்தது என்னும் இரு வினாக்களையும் ஒருங்கே எழுப்பும்போதுதான் நம் பாராட்டு திறனாய்வாகும். யாப்பைக் கற்பிக்கும் வகுப்பறைக்கும் இது பொருந்தும். விதியைக் காத்தமைக்காக மட்டும் ஒரு பாடலைப் போற்றும் மாணவரிடம், அவ்விதி அப்பாடலுக்கு எதனை ஈட்டித் தந்தது என்று நாம் கேட்டல் வேண்டும்.