பழைய டிராக்டரும் அரை மணி நேரச் சோதனையும்

தமிழ்நாட்டுக் கிராமங்களில் பழைய டிராக்டர் கைமாறும் விதம் ஏறத்தாழ எல்லா ஊரிலும் ஒன்றுதான். தரகர் தகவல் சொல்வார். வாங்குபவர் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு விற்பவரின் களத்துக்குப் போவார். மெக்கானிக் வண்டியைக் கிளப்பிப் புகையைப் பார்ப்பார், ரேஸ் கொடுத்துச் சத்தத்தைக் கேட்பார், ஆயில் மூடியைத் திறந்து பார்ப்பார், தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வருவார். அரை மணி நேரத்தில் முடிவு சொல்லப்பட்டு, அட்வான்ஸும் கொடுத்தாகிவிடும். நகையை அடகு வைத்தும் வட்டிக்கு வாங்கியும் திரட்டிய சில லட்ச ரூபாய் இந்த அரை மணி நேரத்தை நம்பிப் போகிறது. இந்த முறையில் உண்மையான அறிவு இருக்கிறது, அதை ஒதுக்க முடியாது. ஆனால் அது வண்டியின் பாதியைத்தான் பார்க்கிறது. வாங்கியவரைப் பின்னால் வாட்டும் நஷ்டம் பெரும்பாலும் பார்க்காத பாதியிலிருந்து வருகிறது.

முறையின் பலத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். டீசல் இன்ஜினின் புகை நம்பத்தக்க சாட்சி. சூடேறிய பிறகும் நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது; ரிங், லைனர், வால்வு கைடு இவற்றில் ஏதோ தேய்ந்திருக்கிறது. கரும்புகை விடாமல் வந்தால் ஏர் ஃபில்டரையோ நாசிலையோ பம்பையோ சந்தேகிக்கலாம். காலையில் முதன்முதலாகக் கிளப்பும்போது வெள்ளைப்புகை வருவது இயல்பு. சூடேறியும் அது நிற்காவிட்டால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போகிறது. ஆயில் மூடியைத் திறந்ததும் காற்று குபுகுபுவென்று வந்தால் கம்ப்ரஷன் கீழே இறங்குகிறது. இவ்வளவையும் எந்தக் கருவியும் இல்லாமல் கண்டுபிடிக்கும் அனுபவம் நம் மெக்கானிக்குகளிடம் இருக்கிறது. விற்பவரின் உத்திகளும் அவர்களுக்குத் தெரியும். ஆள் வருவதற்கு முன்பே இன்ஜினை ஓட்டிச் சூடாக்கி வைப்பதுண்டு என்பதால், நல்ல மெக்கானிக் சாவியைத் தொடுவதற்கு முன் இன்ஜின்மேல் கை வைத்துப் பார்ப்பார். அவர் அதே வட்டாரத்தில் தொழில் நடத்துபவர் என்பதும் பெரிய காப்பு. தப்பாகச் சொன்னால் அந்தப் பேச்சு அவரை விடாது.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. இவை எல்லாம் சுமையே இல்லாமல் ஓடும் இன்ஜினைப் பற்றிய சோதனைகள். டிராக்டரின் வேலையோ இழுப்பது, சுழற்றுவது, தூக்குவது. கிளட்ச் வழுக்குவதும், பல் தேய்ந்த கியர் நழுவி வெளியே வருவதும், கிரவுன் வீல் பினியன் முனகுவதும் பாரம் ஏறினால்தான் தெரியும். தெருவில் வெறும் வண்டியை ஓட்டும்போது இவை மூன்றும் அமைதியாக இருக்கும். இன்ஜின்தானே டிராக்டரின் உயிர், அதைப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். இன்ஜின் முக்கியம்தான், ஆனால் அதன் செலவை முன்கூட்டியே கணிக்க முடியும். மாஸி 1035, மஹிந்திரா 575, ஸ்வராஜ் 735 போன்ற வண்டிகளுக்கு லைனர், பிஸ்டன் செட் தாலுகா ஊர்களிலேயே கிடைக்கிறது. இன்ஜின் வேலைக்கு எவ்வளவு ஆகும் என்று மெக்கானிக் அங்கேயே சொல்லிவிடுவார், அதை விலையில் கழித்துப் பேசவும் முடியும். பின்பக்கம் அப்படியில்லை. கிளட்ச் பிளேட் ஒன்றை மாற்றவே வண்டியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். கியர் பாக்ஸின் நிலை, அதைத் திறக்கும் வரை யாருக்கும் தெரியாது. கணிக்கக்கூடிய செலவை அலசிப் பார்த்துவிட்டுக் கணிக்க முடியாததைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பது சரியான கணக்கு ஆகாது.

இதைவிட ஆழமான குறை ஒன்றும் உண்டு. வண்டி இன்று எப்படி ஓடுகிறது என்று கேட்கிறோம். இதுவரை என்ன வேலை செய்தது என்று கேட்பதில்லை. ஒரே வயது, ஒரே மாடல் வண்டிகள் இரண்டு முற்றிலும் வேறு விதமாகத் தேய்ந்திருக்கலாம். காவிரி டெல்டாவில் கேஜ் வீல் மாட்டிச் சேறடித்த வண்டி, பருவந்தோறும் தண்ணீரில் நின்று உழைத்தது. ஆயில் சீல் தளர்ந்தால் தண்ணீர் பின் ஆக்ஸிலுக்குள் போகும். பல மாடல்களில் கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான் என்பதால், ஒரு சீலில் நுழைந்த தண்ணீர் ஹைட்ராலிக் பம்ப் வரை போய்விடும். ஆயில் பால்போல வெளுத்திருந்தால் இது உறுதி. விற்பதற்கு முன் ஆயிலை மாற்றிவிட்டால் நிறம் மறைந்துவிடும். ஆனால் சீல் இன்னும் கசிந்தாலோ உள்ளே பழைய நீர் தங்கியிருந்தாலோ அது அடியில் சேரும். ஓர் இரவு முழுதும் நின்ற வண்டியின் டிரெயின் பிளக்கைக் காலையில் லேசாகத் தளர்த்தினால் முதலில் சொட்டுவது தண்ணீரா ஆயிலா என்று பார்த்துவிடலாம். கரும்பும் செங்கலும் ஏற்றி ரோட்டில் ஓடிய வண்டிக்குக் கிளட்சும் பிரேக்கும் போயிருக்கும், டிரெய்லர் கொக்கி மாட்டும் துளை நீள்வட்டமாகியிருக்கும். ரோட்டவேட்டரிலேயே காலம் கழித்த வண்டியில், அதைச் சுழற்றும் பி.டி.ஓ. ஷாஃப்டின் பற்கள் ஓரம் மழுங்கியிருக்கும். முன்னால் டோசர் பிளேடு கட்டி மண் தள்ளியதற்கு முன் ஆக்ஸில் புஷ்கள் சாட்சி சொல்லும். புது பெயின்ட் தகரத்தை மறைக்குமே தவிர, இந்தத் தேய்மானத்தை மறைக்காது.

ஹவர் மீட்டர் இந்த வரலாற்றைச் சொல்லும் என்று நம்புபவர்கள் இருக்கிறார்கள். வேளாண் பொறியியல் பாடங்களில் டிராக்டரின் ஆயுளை ஏறத்தாழ 10,000 மணி நேரமாகக் கணக்கிடுவது வழக்கம். அதனால் மீட்டரில் குறைந்த எண்ணைக் கண்டால் மனம் இளகுகிறது. ஆனால் பழைய வண்டிகளின் மீட்டர் இன்ஜின் சுற்றுகளை எண்ணுகிறது, கடிகார நேரத்தை அல்ல; மெதுவாக ஓடிய ஒரு மணி நேரம் அதில் ஒரு மணியாகப் பதியாது. கேபிளைக் கழற்றி வைக்கலாம், மீட்டரையே மாற்றலாம். ஆவணங்களும் இப்படியே அரைகுறையாகப் பார்க்கப்படுகின்றன. ஆர்.சி. புத்தகம் இருக்கிறதா என்று கேட்பவர், அதில் வங்கியின் அடமானப் பதிவு நீக்கப்பட்டிருக்கிறதா, சேஸிஸ் எண் வண்டியில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று பார்ப்பதில்லை. கடன் தீராத வண்டியை, அதை வாங்கியவரிடமிருந்தும் வங்கி எடுத்துக்கொண்டு போகலாம். பெயர் மாற்றாமல் கையெழுத்திட்ட படிவத்தோடு வண்டியைக் கைமாற்றுவது விற்பவருக்கும் ஆபத்து: பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது.

சரியான சோதனை எது என்பது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயம் இல்லை. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், வாங்கிய டிராக்டர்களால் ஏமாந்த விவசாயி ஒருவர் சட்டமன்ற உறுப்பினராகி, பல்கலைக்கழகம் சோதிக்காத மாடலை விற்கக்கூடாது என்ற சட்டம் 1919இல் வரக் காரணமானார். நம் நாட்டில் மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள மத்திய அரசு நிறுவனம் புதிய மாடல்களின் பி.டி.ஓ. சக்தியையும் இழுவைத் திறனையும் ஹைட்ராலிக் தூக்கும் திறனையும் அளக்கிறது. அளவீடு எல்லாமே பாரம் ஏற்றித்தான். அதே தத்துவத்தை வயலில் செய்யலாம். ரோட்டவேட்டரை மாட்டி ஒரு மணி நேரம் உழட்டும். பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று சுழலும்போது உள்ள இன்ஜின் வேகம், மண்ணில் இறங்கியதும் எவ்வளவு விழுகிறது, உடனே மீள்கிறதா என்று பார்க்க வேண்டும். வெப்பமானி எங்கே நிற்கிறது, கியர் நழுவுகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். ஆயில் நன்றாகச் சூடேறி இளகிய பிறகு ரோட்டவேட்டரைத் தூக்கி நிறுத்தி இன்ஜினை அணைத்தால், அது சில நிமிடங்களுக்குள் தரையைத் தொடுகிறதா என்பதில் ஹைட்ராலிக்கின் நிலை தெரிந்துவிடும். குளிர்ந்த ஆயிலில் இதே சோதனையில் தேறும் வண்டி சூட்டில் தோற்பதுண்டு.

விற்பவர் இதற்குச் சம்மதிப்பாரா என்பதே பெரிய ஆட்சேபம். ஓசியில் உழுதுகொண்டு போய்விடுவார்களோ என்ற அவருடைய பயம் நியாயமானது. அதனால் அவருடைய நிலத்திலேயே, அவருடைய டிரைவரே ஓட்டட்டும்; டீசலுக்கு வாங்குபவர் பணம் கொடுக்கட்டும். நான்கைந்து லிட்டர் டீசலின் விலை, பேரத்தில் விட்டுக்கொடுக்கும் தொகைக்கு முன் ஒன்றுமில்லை. உழவில்லாத காலம் என்றால், பாரம் ஏற்றிய டிரெய்லரை ஆற்றங்கரை ஏற்றத்தில் இழுக்கச் சொன்னால் கிளட்சும் கியரும் தெரிந்துவிடும். "நாளைக்கே வேறொருவர் வருகிறார்" என்ற அவசரத்துக்கு மட்டும் பணியக்கூடாது. ஒரு மணி நேரம் உழ மறுக்கும் வண்டியின் விலையை அந்த மறுப்புக்கேற்பக் குறைத்தே கேட்க வேண்டும். இந்தச் சோதனையும் எல்லாவற்றையும் காட்டிவிடாது. உள்ளே ஓடும் மெல்லிய விரிசல் எந்தச் சோதனையிலும் தப்பலாம், அதற்கென்று கையில் கொஞ்சம் பணம் ஒதுக்கித்தான் வாங்க வேண்டும்.

புதிய மாடலுக்குப் புத்னி இருக்கிறது. பழைய வண்டி வாங்கும் சிறு விவசாயிக்கு அப்படி ஓர் இடம் இல்லை. கோயம்புத்தூரிலும் குமுளூரிலும் வேளாண் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன, வேளாண்மைப் பொறியியல் துறைக்கு மாவட்ட அலுவலகங்கள் இருக்கின்றன. பி.டி.ஓ. ஷாஃப்டில் மாட்டிச் சக்தியை அளக்கும் டைனமோமீட்டரை வட்டாரத்துக்கு ஒன்று வைத்து, சிறு கட்டணத்துக்கு அளந்து எழுதிக் கொடுக்க இத்துறையும் கல்லூரிகளும் முன்வர வேண்டும். அது வரும்வரை, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் வண்டியை ஒரு மணி நேரம் வயலில் இறக்கிப் பாருங்கள்.