முரசும் கருப்பொருளும்

ஜொகூர் பாருவில் 1988ஆம் ஆண்டு டான் ஹூய் சோங், டான் சாய் புவான் இருவரும் தோற்றுவித்த ‘24 பருவ முரசு’ முழக்கத்தால் மட்டும் சிறந்ததன்று. சீனரின் ஆண்டுப் பருவங்கள் 24. ஒவ்வொரு முரசிலும் ஒரு பருவத்தின் பெயர் பொறிக்கப்பெற்றுள்ளது. ஆதலின், முரசு பயிலும் மாணவன் தன் முன்னோரின் காலக்கணக்கையும் உடன் பயில்கிறான்.

தொல்காப்பியமும் பறையைத் திணைக் கருப்பொருள்களுள் ஒன்றாக வைத்தது. குறிஞ்சிக்குத் தொண்டகம், முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்துக்கு நெல்லரிகிணை என உரையாசிரியர் விரித்தனர். இப்பெயர்களை நம் மாணவர் தேர்வுக்கு மனனம் செய்கின்றனர். பறையொலியை வகுப்பில் கேட்டவர் சிலரே. தைப்பூசத்தில் முழங்கும் உறுமியும் இலக்கியப் பாடத்துக்குள் வருவது அரிது. பறையடித்தலை இழிவென்று கருதிய பழைய மனப்பான்மையே இதற்குத் தடையெனின், அது தொல்காப்பியர் குற்றமன்று. நூலைக் கற்பித்து ஒலியை விலக்கியோர் குற்றமே அன்றோ!