வெனிலாவில் தொடங்கும் நாள்

ஆக்லாந்தின் மவுன்ட் வெலிங்டனில், தெற்கு நெடுஞ்சாலையை ஒட்டி, 1962இல் திறந்த டிப் டாப் ஐஸ்கிரீம் தொழிற்சாலை இருக்கிறது. ஐஸ்கிரீமைப் புகழ ஊரே உண்டு. எந்தச் சுவைக்குப் பின் எந்தச் சுவை என்று வரிசை போடும் வேலையைப் புகழத்தான் ஆளில்லை.

இத்தகைய ஆலைகளில் பொதுவாக நாள் வெனிலாவில் தொடங்கும். வெளிர் நிறம் முன்னே, அடர் நிறம் பின்னே. சாக்லேட் பின்வரிசை, ஒவ்வாமை தரும் கொட்டைப் பருப்புகள் அதற்கும் பின்னால். தலைகீழாகப் போட்டால் மாற்றத்துக்கு மாற்றம் குழாய்களைக் கழுவ வேண்டும்: தண்ணீர், சூடான காரக் கரைசல், மறுபடி தண்ணீர். அதுவரை எந்திரம் சும்மா நிற்கும். தேங்காய்ச் சட்னிக்குப் பிறகு காரச் சட்னி அரைக்கும் அதே அடுப்படி அறிவுதான். ஆனால் இங்கே பால் கெடும் நேரம், குளிர்கிடங்கில் இடம், லாரி கிளம்பும் நேரம் எல்லாம் சேர்ந்து இழுக்கும். எனக்குப் பிடித்த இடம், வெனிலாவை அடுத்து நியூசிலாந்தின் செல்லமான ஹோக்கி போக்கி வருவது. அடிக்கலவை அதேதான்; தேன்கூட்டு டாஃபித் துணுக்குகள் மட்டும் கலகலவென்று வந்து விழும். பம்பின் ரீங்காரம் ஒரு சுருதிகூட இறங்காது. மேசையில் பொறுமையாக உட்கார்ந்து, அட்டவணைக் கட்டங்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்த ஒருவரின் வேலை அது. அப்படி ஒருவர் இருக்கும் ஆலை, இன்னொரு எந்திரம் வாங்க அவசரப்பட வேண்டியதில்லை.